பெட்டிகளுக்குள் பேச்சு முறிந்தால்

மோட்டார் வண்டி பழுதுபட்டால் யந்திரத்தில் ஏதோ கோளாறு என்று கருதுவது நம் வழக்கம். இக்காலத்து வண்டிகளிலோ யந்திரமும் பிரேக்கும் நன்றாயிருக்க, வண்டி மாத்திரம் நகர மறுப்பதுண்டு. முகப்பில் நான்கைந்து எச்சரிக்கை விளக்குகள் ஒருங்கே எரியும். வேகமானியின் முள் திடீரெனச் சுழியத்தில் வீழும். சற்று நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பேயோ பிசாசோ என்று ஐயுற வேண்டியதில்லை. பெரும்பாலும் உறுப்புகள் கெட்டிருக்கமாட்டா. அவற்றினிடையே நிகழும் பேச்சே முறிந்திருக்கும்.

யந்திரம், கியர்ப்பெட்டி, பிரேக், ஸ்டியரிங், காற்றுப்பை ஆகிய ஒவ்வொன்றுக்கும் இன்று தனித்தனியே ஒரு சிறு கணினி உண்டு. கராஜ்களில் அதனை ஈ.சி.யூ. என்பர், நாம் கட்டுப்பாட்டுப் பெட்டி என்போம். சக்கரம் சுழலும் வேகத்தை பிரேக்கின் பெட்டி அறியும். அச்செய்தி வேகமானிக்கும் வேண்டும், கியருக்கும் வேண்டும். பெட்டிக்குப் பெட்டி தனிக்கம்பி இழுத்தால் வண்டி முழுவதும் கம்பிக் காடாகிவிடும். இதற்குப் பரிகாரமாக ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் வகுத்து, 1986 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் அறிவித்த முறையே ‘கொன்ரோலர் ஏரியா நெற்வேர்க்’, சுருக்கமாகக் ‘கான்’. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே கம்பிகள். பெட்டிகள் யாவும் அவற்றிலேயே இணைந்திருக்கும். ஒன்று பேச மற்றவை கேட்கும். இரண்டு பெட்டிகள் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினாலோ, சிறிய எண் தாங்கிய செய்தி தொடர்ந்து செல்ல, மற்றது தானாகவே அடங்கிக் காத்திருக்கும். நம் கூட்டங்கள் பலவற்றிற் காணக்கிடையாத ஒழுங்கு!

இன்னுமொரு விந்தை. ஒவ்வொரு பெட்டியும் தன் தவறுகளைத் தானே எண்ணி வருகிறது. செய்தி அனுப்புவதில் தவறு நேர்ந்தால் 8 கூடும்; சரியாக முடிந்தால் 1 குறையும். கணக்கு 255 ஐத் தாண்டினால் அப்பெட்டி பிறர் பேச்சைக் கெடாதிருக்கத் தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும்.

பழுது பார்ப்பவர் ஸ்கானரை இணைத்ததும் ‘யூ’ எழுத்தில் தொடங்கும் குறிகள் தோன்றும். உதாரணமாக யூ 0100 என்பது யந்திரப் பெட்டியுடன் தொடர்பு அற்றது என்று பொருள்படும். இதைக் கண்ட மாத்திரத்தில் “யந்திரப் பெட்டி பழுது, மாற்ற வேண்டும்” என்று தீர்ப்பளிப்போர் உளர். குடும்பத்தின் சேமிப்புக் கரைவது இங்கேதான். பெட்டியின் விலை அற்பமன்று. பல வண்டிகளில் புதுப்பெட்டியை வண்டியின் சாவியோடு பொருந்தப் பதியவும் வேண்டும். அந்தக் குறியை எழுதிவைத்தது யார் என்று முதலிற் கேட்கவேண்டும். எழுதியது வேறொரு பெட்டி. அது கூறுவதும் “எனக்குக் குரல் கேட்கவில்லை” என்பதே. கடிதம் வராவிட்டால் எழுதுபவர் இறந்தார் என்று முடிவுகட்டுவோமா? தபாற்காரரையும் விசாரிக்க வேண்டாமா?

ஆகவே எல்லாப் பெட்டிகளின் முறைப்பாட்டையும் வாசிக்க வேண்டும். பல பெட்டிகள் ஒன்றையே குறைகூறினால் அதன் பியூஸ், எர்த், கிளைக்கம்பி ஆகியவற்றை நோக்குக. எல்லாம் எல்லாவற்றையும் குறைகூறினால் பொதுக்கம்பிகளிலேயே குற்றம். ஒன்று மாத்திரம் மற்றெல்லாவற்றையும் பழித்தால், அதுவே தனித்துப்போனது எனலாம். பற்றரி தளர்ந்திருந்தாலும் இக்குறிகள் விழும் என்பதால், அதனைச் சோதியாமல் வேறெதிலும் கைவைத்தல் வீண்.

அடுத்து அளவை. பெரும்பாலான வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 முனைச் சொக்கெற்றில் 6 ஆம், 14 ஆம் முனைகள் இவ்விரு கம்பிகளுக்குரியவை. பற்றரியைக் கழற்றிவிட்டு அவற்றினிடையே தடையை அளந்தால் 60 ஓம் காட்டவேண்டும். பொதுக்கம்பியின் இரு அந்தங்களிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. சமாந்தரத்தில் அவை 60 ஆகும் என்பதை மாணவர் அறிவர். 120 காட்டினால் ஓர் அந்தம் அற்றுவிட்டது. சுழியத்தை அண்மித்தால் கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. அப்போது பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதனைக் கழற்றும்போது அளவு எழுகிறதென்று பார்க்கலாம். காற்றுப்பையின் பெட்டியை மாத்திரம் பயிற்சியுள்ளவரிடமே விடுக. சில வண்டிகளில் சொக்கெற்றுக்கும் பிற பெட்டிகளுக்குமிடையே ஒரு வாயிற்பெட்டி நிற்கும். அங்கே அளவையை அதற்கப்பாலும் எடுக்க வேண்டும்.

குற்றவாளி பெரும்பாலும் அற்பப் பொருளே. மழைநீர் புகுந்த இணைப்பில் படிந்த பச்சைக் களிம்பு, எலி கடித்த உறை, பின்னர் பூட்டிய வானொலிக்காகவோ திருட்டு மணிக்காகவோ வெட்டி ஒட்டிய கம்பி. வந்துவந்து மறையும் கோளாறாயின், மானியை இணைத்தபடியே கம்பிக் கட்டை மெல்ல அசைத்து முள் துள்ளும் இடத்தைக் கண்டறிவர். அறுந்த கம்பியைப் பொருத்திய பின் மீண்டும் முறுக்கிவிடவும் வேண்டும். வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் முறுக்கிய கம்பிகள் இரண்டையும் ஒரே அளவிற் தாக்கும். பெட்டிகளோ இரண்டின் வேறுபாட்டையே கேட்பதால் இரைச்சல் அற்றுப்போகும். முறுக்காது நீளமாக விட்டால் அப்பாதுகாப்பு அவ்விடத்தில் குன்றிவிடும்.