காலைக் காப்பியும் தேக சௌக்கியமும்

கல்வி கற்பார்க்கு நூலும் ஆசிரியரும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது நோயற்ற உடல். வயிறு எரிந்துகொண்டிருப்பவனுக்கு எந்த நூலும் இனிக்காது. கிராமத்து வீட்டை விட்டு நகரத்துக் கல்லூரி விடுதிக்கு வந்து சேரும் மாணவருட் பலர், இரண்டொரு மாதம் கழியுமுன்னரே புளியேப்பம், நெஞ்செரிவு, வயிற்றுப் பொருமல், வாய்க்கசப்பு, வாய்ப்புண் என்று முறையிடத் தொடங்குகின்றனர். ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார் சிலர். சமையற்காரரைப் பழிப்பார் சிலர். இவை சில வேளைகளில் உண்மையாதலும் கூடும். எனினும் நாள்தோறும் பன்முறை கையிலேந்தும் காப்பித் தம்ளரைச் சந்தேகிப்பார் மிகச் சிலரே. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

காப்பி நம் நாட்டிற் பழைய பழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்து நடுத்தர வகுப்பாரின் வீடுகளில் நுழைந்து, இருபதாம் நூற்றாண்டிற் பட்டிதொட்டியெங்கும் பரவியது. அதற்கு முன்னர்த் தமிழ்மக்களிற் பெரும்பாலோர்க்குக் காலை ஆகாரமாக இருந்தவை பழைய சோறும் நீராகாரமும் கூழுமே. இரவில் நீரூற்றி வைத்த சோறு, விடிவதற்குள் நுண்கிருமிகளின் செயலால் இலேசாகப் புளித்து, மோரும் சிறிய வெங்காயமும் சேர்ந்து, வயிற்றுக்கு நிறைவையும் குளிர்ச்சியையும் தந்தது. அதற்குத் துணையாக வந்த காப்பி, நாளடைவில் அதனையே வெளியேற்றிவிட்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை ஓட்டியது என்பது இதற்கு மிகவும் பொருந்தும். தொல்லையின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பது எம் கருத்து.

நாம் அருந்தும் காப்பி ஒரு வஸ்துவன்று. பல வஸ்துக்களின் கூட்டு. முதலாவது டிக்காஷன். இதிலுள்ள காபீன் என்னும் சத்தை 1819-ம் வருஷத்தில் ஜெர்மானிய ரசாயன அறிஞர் ரூங்கே பிரித்தெடுத்தார். காப்பி இரைப்பையில் அமில நீர் சுரப்பதைத் தூண்டுகிறது. உணவு உள்ளிருக்கையில் அந்நீர்க்குத் தக்க வேலை உண்டு. வயிறு வெறிதாயிருக்கையில் அதுவே சிலர்க்கு எரிச்சலையும் புளியேப்பத்தையும் உண்டாக்குகிறது. காப்பி பெருங்குடலையும் அசைக்கவல்லது. அருந்திய சில நிமிஷங்களுக்குள்ளேயே சிலருடைய குடல் விரைந்து இயங்குவதை 1990-ம் வருஷத்தில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி அளந்து காட்டிற்று. காலைக் காப்பி குடித்தவுடன் வெளிக்குச் செல்ல விரைவோர் இதனை அநுபவத்தால் அறிவர்.

இரண்டாவது பால். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை ஜீரணிக்கும் ஆற்றல், குழந்தைப் பருவம் கழிந்தபின் தென்னிந்தியரிற் பலர்க்குக் குறைந்துவிடுகிறது. ஜீரணமாகாத அச்சர்க்கரை பெருங்குடலிற் சென்று புளித்து, வாயுவாகி வயிற்றை ஊதச் செய்கிறது. ஒரு தம்ளரைப் பொறுக்கும் வயிறு நான்கைப் பொறாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கடைகளில் விற்கும் பொடியிற் பெரும்பாலும் கலந்துள்ள சிக்கரி வேரிலும் குடலிற் புளிக்கும் மாவுப்பொருள் ஒன்று உண்டு. அதனாலும் சிலர்க்குப் பொருமல் உண்டாகும்.

இனிச் சர்க்கரையைப் பற்றிக் கூறுவாம். தம்ளர் ஒன்றுக்கு இரு சிறு கரண்டி எனக் கொண்டால் சுமார் 8 கிராம். நாளொன்றுக்கு நான்கு தம்ளருக்கு 32 கிராம். உணவில் தனியே சேர்க்கப்படும் சர்க்கரை, மொத்த உணவின் சக்தியிற் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக, அஃதாவது சுமார் 50 கிராமுக்குள் இருத்தல் வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் இருப்பின் மேலும் நலம் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ம் வருஷத்தில் அறிவித்தது. காப்பி ஒன்றினாலேயே அவ்விரண்டாம் எல்லையைக் கடந்துவிடுகிறோம்; மிட்டாயும் பானங்களும் இக்கணக்கிற் சேரவில்லை.

சர்க்கரையின் தீங்கு முதலில் தோன்றுமிடம் வாய். பற்களின்மேல் அழுக்காகப் படிந்து வாழும் நுண்கிருமிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அவ்வமிலம் பல்லின் எனாமலை அரிக்கிறது. அமெரிக்கரான ஸ்டீபன் என்பவர் 1940-ஐ அடுத்த ஆண்டுகளில், சர்க்கரை நீரால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, பல்லழுக்கின் புளிப்பை அளந்தார். சில நிமிஷங்களிற் புளிப்பு மிக ஏறியது. பழைய நிலைக்கு மீள அரைமணிக்கு மேலாயிற்று. அமிலத்தைத் தணித்து இழந்த உப்புக்களைப் பல்லுக்குத் திரும்ப அளிப்பது உமிழ்நீர். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். ஒரு தம்ளர் காப்பியைப் பத்து நிமிஷத்திற் குடித்து முடிப்பவனுக்கு அவ்வவகாசம் கிட்டுகிறது. புத்தகத்தின் அருகே வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் சிறுகச் சிறுக உறிஞ்சுபவனுக்கு அது கிட்டுவதில்லை. ஆகவே சர்க்கரையின் அளவைவிட அதனை வாய் காணும் தடவைகளே பல்லுக்குப் பெரிதும் முக்கியமானவை.

வாய்ப்புண்ணுக்கு வேறொரு காரணமும் உண்டு. அது காப்பியில் இருப்பதனால் வருவதன்று. காப்பியால் நாம் இழந்ததனால் வருவது. நீலகிரியிற் குன்னூரில் அமைந்திருந்த, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்ட உணவு ஆராய்ச்சி நிலையத்தில், அய்க்ராய்டு, கிருஷ்ணன் என்னும் அறிஞர் இருவர் வாய்ப்புண்ணை ஆராய்ந்து, அது வைட்டமின் பி2 என்னும் ஜீவசத்தின் குறைவால் உண்டாவது என 1936-ம் வருஷத்தில் வெளியிட்டனர். கடைவாய் வெடித்தலும் நாச் சிவந்து எரிதலும் இக்குறைவின் அடையாளங்கள். இரும்புச் சத்துக் குறையினும் இவை தோன்றும். தீட்டிய வெள்ளரிசிச் சோறும் இனிப்புக் காப்பியுமாக நாளைக் கழித்து, தயிர், முட்டை, பருப்பு, கீரை ஆகியவற்றைத் தள்ளிவிடும் மாணவன் இந்நிலையை அடைதல் வியப்பன்று. உணவோடு கூடவே அருந்தும் காப்பி, கீரையிலும் தானியத்திலுமுள்ள இரும்பு உடலிற் சேர்வதையும் ஓரளவு தடுக்கிறது.

பரீட்சைக் காலத்தில் இத்தொல்லைகள் ஒரு சக்கரமாகச் சுழல்கின்றன. காபீனின் பாதி உடலை விட்டு நீங்கச் சுமார் ஐந்து மணிநேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்தது விடியற்காலை மூன்று மணிக்கும் பாதி எஞ்சி நிற்கிறது. உறக்கம் கெடுகிறது, எழுதல் தாமதமாகிறது, காலை ஆகாரத்துக்கு நேரமில்லை, அதன் ஸ்தானத்தில் மீண்டும் காப்பி. இவ்வாறு படிப்புக்கென மேற்கொண்ட விழிப்பே படிப்பைக் கெடுக்கிறது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் நீக்குதல் நன்று. இரைப்பைப் புண்ணுக்குக் காப்பியே காரணம் என்பார் பலர். ஆஸ்திரேலியரான மார்ஷலும் வாரனும் 1982-ல் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைக் கண்டு, அதுவே அந்நோயின் முதன்மையான காரணம் என்று நிலைநாட்டி, 2005-ல் நோபல் பரிசு பெற்றனர். சில வலி மாத்திரைகளாலும் அப்புண் வரும். ஆதலின் காப்பியை விட்டும் வலி நீங்காவிடின், அல்லது மலம் கறுத்துப் போயினும், உடல் மெலியினும், வாய்ப்புண் மூன்று வாரத்துக்குமேல் ஆறாதிருப்பினும், தாமதியாது வைத்தியரிடம் காட்டல் வேண்டும்.

காப்பியை முற்றும் துறக்க வேண்டும் என்று யாம் சொல்லவில்லை. அளவோடு அருந்துவார் பெரும்பாலோர்க்கு அது தீங்கு செய்வதில்லை. ஆனால் காலையில் முதலில் ஆகாரம், சிறிது நேரம் கழித்துக் காப்பி என்னும் முறையைக் கொள்ளுக. நாளுக்கு இரு தம்ளரோடு நிறுத்துக. சர்க்கரையை வாரந்தோறும் அரைக் கரண்டி குறைத்துவரின் நாக்கு எளிதிற் பழகிவிடும். குடித்து முடித்ததும் வாயைத் தண்ணீரால் நன்கு கொப்பளிக்க. மாலைக்குப் பின் காப்பியை நாடாதிருக்க. பால் ஒவ்வாதார் தயிரும் மோரும் கொள்ளலாம். அவற்றிற் பாற்சர்க்கரை ஓரளவு குறைந்திருக்கும். பதினைந்து நாள் இவ்வாறு நடந்து, வயிறும் வாயும் எவ்வாறிருக்கின்றன என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே சோதித்து அறியலாம்.

விடுதியை நடத்துவோர்க்கும் ஒரு விண்ணப்பம். காலையில் காப்பிக்கு முன்னரே சூடான ஆகாரம் ஆயத்தமாயிருத்தலும், சர்க்கரையைக் கலவாது தனியே வைத்தலும் பெருஞ்செலவில் முடிவனவல்ல. மாணவர் தாமே அளவைத் தெரிந்துகொள்ள அவை வழிசெய்யும். காப்பி உணவுக்குத் துணையாக இருக்கும்வரை நண்பன். உணவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளின் பகைவன். இவ்வேறுபாட்டை மாணவப் பருவத்திலேயே உணர்ந்தவர், பிற்காலத்தில் வைத்தியர் வீட்டு வாயிலிற் காத்திருக்கும் நேரம் பெரிதும் குறையும்.