மாமா வண்டி ஏன் குந்தலை?

லோடு ஏத்தினா வண்டி பின்னாடி குந்தணும். அதான் நியாயம். ஆனா, போளூர்ல இருக்கிற எங்க மாமாவோட பிக்கப் மட்டும் புளி மூட்டையை முட்ட முட்ட ஏத்தினாலும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்தே நின்னுச்சு. "எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருக்கேன்ல மாப்ள!" என்று அவருக்கு ஒரே பெருமை. அதே மூச்சில், "இறக்கத்துலதான் பிரேக் முன்ன மாதிரி இல்ல" என்றார்.

அவர் சொன்ன இறக்கம், ஜமுனாமரத்தூரில் இருந்து போளூருக்கு ஜவ்வாது மலை இறங்கும் ரோடு. எனக்குப் பகீரென்றது. மெக்கானிக்கல் படிக்கிற பையன் வீட்டில் இருந்து என்ன பிரயோஜனம்? ஸ்டீல் டேப்போடு கிளம்பிட்டேன்.

உயரம் அளக்கிறது என்ன பெரிய வித்தைன்னு தோணும். அங்கேதான் பாஸ் பல்பு வாங்குவோம்! முதலில் ரைஸ் மில் களத்தில் நிறுத்தி அளந்தேன். இடது பக்கம் ஒரு கணக்கு, வலது பக்கம் ஒரு கணக்கு. வண்டியைத் திருப்பி நிறுத்தினால் கணக்கும் திரும்பிடுச்சு. மழைத் தண்ணி ஓடக் களத்தில் லேசாகச் சரிவு வைத்திருப்பாங்களே, அதை மறந்துட்டேன். கடைசியில் எடை மேடைக்குப் போனோம். சமமான தரை, கூடவே எடையும் தெரியும். "சீக்கிரம் எடுப்பா, பின்னாடி வண்டி நிக்குது" என்ற திட்டு மட்டும் இலவசம்.

தரையில் இருந்து அளக்கக் கூடாது. டயரில் காத்து குறைந்தாலும், பட்டன் தேய்ந்தாலும் அளவு மாறிடும். சக்கரத்தின் நடு மையத்தில் இருந்து நேர் மேலே அளக்கணும். கார் என்றால் மட்கார்டு விளிம்பு வரைக்கும். நம்ம பிக்கப்பில் பின்னாடி ஏது மட்கார்டு? பாடியும் உள்ளூரில் கட்டினது, அதுவே கோணலாக இருக்கலாம். அதனால் சேசிஸ் அடிப்பக்கம் வரைக்கும் அளந்தேன். டேப் வைக்கிறதுக்கு முன்னாடி வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பின்பக்கம் ஏறி நாலு குதி குதிக்கணும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொண்டு, பாதியிலேயே நிற்கும். குதித்தால்தான் உண்மையான உயரத்துக்கு வரும். என் எடைக்கு வண்டி அசையவே இல்லை, மாமா ஏறினதும் அசைந்தது!

காலியாக ஒருமுறை, லோடோடு ஒருமுறை அளந்தேன். மாமா வண்டி இறங்கினது 5 சென்டிமீட்டர். பட்டை சேர்க்காத, அதே மாடல் பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில் ஏறக்குறைய அதே எடைக்கு 9.

இதில் ஆச்சரியம் ஒண்ணுமில்லை. ராபர்ட் ஹூக் 1678-லேயே எழுதிவைத்தது, நாம் லேபில் கிராஃப் போட்டது. ஒரே மாதிரி 5 பட்டையோடு இன்னொன்று சேர்ந்தால் விறைப்பு சுமார் 20 சதவிகிதம் கூடும். ஆனா பட்டையின் கனம் இரண்டு மடங்கானால் அந்தப் பட்டையின் விறைப்பு எட்டு மடங்கு! பட்டறையில் மாமாவுக்குப் போட்டது தடிப் பட்டை.

சரி, பிரேக்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சேசிஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி, அதன் முனையில் ஒரு வால்வு. பல பிக்கப்களில் இது உண்டு. பாடி கீழே இறங்கினால், 'லோடு இருக்கு' என்று பின் சக்கர பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலியாக இருந்தால் குறைக்கும், இல்லேன்னா பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். பாவம், அந்த வால்வுக்கு எடை தெரியாது. உயரம் மட்டும்தான் தெரியும். மாமா வண்டி குந்தவே இல்லையா... மூட்டைகளோடு மலை இறங்கும்போதும் 'வண்டி பாதி காலி' என்றே அது நம்பிக்கொண்டிருந்தது.

விளக்கினதும் மாமா ரொம்ப நேரம் பேசலை. "பட்டையை எடுத்தா லோடு குறையுமே மாப்ள..." என்றார். கம்பெனி சொன்ன எடையைத் தாண்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. அதைச் சொன்னேன். அத்தைதான் முடித்துவைத்தார்: "ரெண்டு நடையா போய்ட்டு வாங்க."

மறுநாளே பட்டை இறங்கியது. வால்வையும் கம்பெனி அளவுப்படி சரிபார்த்தாச்சு. இப்போது அளந்தால் 9-க்குப் பக்கத்தில் வருகிறது. அளவை மாமாவே சாக்பீஸால் சேசிஸில் எழுதிவைத்திருக்கிறார்.

என் டேப்பைத்தான் இன்னும் திருப்பித் தரலை.