லயத்துப் படங்களுக்கு ஒரு வீட்டு சர்வர்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் உருவானது 1929-இல். அங்கே கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். தோட்டத்துத் திருவிழா, லயத்து வாசலில் நடந்த கல்யாணம், கூடையோடு நிற்கும் பாட்டி என்று பாதிப் படங்கள் ஆல்பத்தில் பூஞ்சை பிடிக்கின்றன. மீதி ஆளுக்கொரு கைப்பேசியில். கூகுள் போட்டோஸும் 2021 ஜூன் 1 முதல் வரம்பற்ற இலவசச் சேமிப்பை நிறுத்திவிட்டது. 15 ஜிபி நிறைந்தால் காசு கட்ட வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சர்வர் வைக்கலாம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பே போதும். அதில் லினக்ஸ், 'இம்மிச்' என்ற இலவச மென்பொருள், ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க். வீட்டு வைஃபையில் சேர்ந்ததும் கைப்பேசிப் படங்கள் தாமாக அதில் ஏறிவிடும். வெளியூரில் இருக்கும் அண்ணன் பார்க்க 'டெயில்ஸ்கேல்' உண்டு. அதற்காக ரவுட்டரில் வழி திறந்து வைக்காதீர்கள், ஆபத்து.

மலைக்குளிர் இயந்திரத்துக்கு நல்லது, ஈரம்தான் பகை. சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். இடி இடித்தால் மின்கம்பியோடு இணையக் கம்பியையும் கழற்றுங்கள்.

2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கு வீடுகளில் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். ஒரே வீட்டில் இரண்டு டிஸ்க் இருந்தாலும் இரண்டும் சேர்ந்தே நனையும். இன்னொரு பிரதி ஈப்போ சித்தப்பா வீட்டில் இருக்கட்டும்.

ஒரே ஆளின் முகங்களை இம்மிச் தானாகத் தொகுத்துவிடும். பெயரைப் பாட்டிதான் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு மலையேறும்போது லேப்டாப்பையும் எடுத்துப் போங்கள்.