பருத்திக் காட்டில் பரிணாமம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவி)

பரிணாமம் என்றவுடன் நம்மில் பலருக்கு முதலில் நினைவிற்கு வருவது குரங்கு. "மனிதன் குரங்கிலிருந்து வந்தானென்றால், இன்றைய குரங்குகள் ஏன் மனிதனாகவில்லை?" என்ற கேள்வி அடுத்து வரும். சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். தேர்வு வரும்போது டார்வின் என்ற பெயரையும் 1859 என்ற ஆண்டையும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் பரிணாமம் என்பது என்றோ முடிந்துபோன கதையன்று. எங்கள் பருத்திக் காட்டிலேயே, என் கண் முன்னாலேயே அது நடந்திருக்கிறது என்பதைச் சென்ற ஆண்டுதான் உணர்ந்தேன். அதனை உடன் பயிலும் நண்பர்களுக்கு எளிய முறையில் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பா சொன்ன காரணம்

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் பூமியில் உள்ளது. இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம். பருத்தியும் மக்காச்சோளமும்தான் எங்களைக் காப்பாற்றி வருகின்றன. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடத்திற்கே போகாதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த முதல் ஆள் நான்தான்.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பா பி.டி. பருத்தி விதைக்கத் தொடங்கினார். மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவின் ஜீனைப் பருத்தியில் சேர்த்து உருவாக்கிய விதை அது. அச்செடியைத் தின்னும் காய்ப்புழுவின் குடல் சிதைந்து புழு இறந்துவிடும். நம் நாட்டில் இதற்கு 2002ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. இரண்டு ஜீன்கள் கொண்ட விதை 2006இல் வந்தது. முதல் சில ஆண்டுகள் எங்கள் காட்டில் காய்ப்புழு தலைகாட்டவில்லை.

நான் பதினோராம் வகுப்பில் படித்த ஆண்டு நிலைமை மாறியது. வெளியே பார்க்க நன்றாயிருந்த காய்களை உடைத்தால், உள்ளே இளஞ்சிவப்பு நிறப் புழுக்கள் விதையைத் தின்றுகொண்டிருந்தன. பஞ்செல்லாம் கறை. அப்பா கடன் வாங்கி மருந்து அடித்தார். காய்க்குள் இருக்கும் புழுவை மருந்து எட்டவில்லை. வியாபாரி பஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பாதி விலைதான் சொன்னார். அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று. அன்றிரவு அப்பா சொன்னார்: "புழு அந்தச் செடிக்குப் பழகிப்போச்சு, பாப்பா."

கல்லூரியில் பரிணாமப் பாடம் நடந்தபோது இதையே நான் வகுப்பில் சொன்னேன். எங்கள் பேராசிரியர் கேட்டார்: "பழகியது எந்தப் புழு அம்மா? செடியைத் தின்று செத்த புழுவா, தின்றும் சாகாத புழுவா? செத்தது எப்படிப் பழகும்? சாகாதது எதற்குப் பழக வேண்டும்?"

எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் பரிணாமத்தின் வாசல் அக்கேள்வியில்தான் எனக்குத் திறந்தது.

மூன்று உண்மைகளும் ஒரு முடிவும்

இயற்கைத் தேர்வு என்னும் கொள்கையைப் புரிந்துகொள்ள மூன்று உண்மைகள் போதும்.

முதலாவது, மாறுபாடு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. ஓர் இனத்தைச் சேர்ந்த உயிர்கள் அனைத்திலும் சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. இவற்றில் பல, ஜீன்களில் தற்செயலாக நேரும் மாற்றங்களால் உண்டாகின்றன.

இரண்டாவது, மரபு. அவ்வேறுபாடுகளில் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கின்றன.

மூன்றாவது, மிகைப் பெருக்கம். பிழைக்கக் கூடியவற்றைவிட மிக அதிகமாகவே உயிர்கள் பிறக்கின்றன. ஒரு காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. அத்தனையும் பிழைத்தால் உலகில் பருத்தியே மிஞ்சாது.

இம்மூன்றும் உண்மையென்றால், சூழ்நிலைக்கு ஏற்ற வேறுபாடு உடையவை அதிகமாகப் பிழைத்து, அதிகமாகக் குஞ்சு பொரிக்கும். தலைமுறைக்குத் தலைமுறை அவ்வேறுபாடு கூட்டத்தில் பெருகும். இதுவே இயற்கைத் தேர்வு. சார்லஸ் டார்வினும் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸும் தனித்தனியே இம்முடிவுக்கு வந்தனர். இருவருடைய கருத்துகளும் 1858ஆம் ஆண்டு லண்டன் லின்னேயன் கழகத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. டார்வினின் நூல் மறு ஆண்டு வெளிவந்தது.

இப்போது எங்கள் காட்டிற்கு வருவோம். பி.டி. பருத்தி வருவதற்கு முன்பே, எண்ணற்ற புழுக்களுக்கிடையே அந்த நஞ்சு பாதிக்காத புழுக்கள் ஒன்றிரண்டு தற்செயலாக இருந்திருக்க வேண்டும். அப்போது அவற்றிற்கு அதனால் ஓர் ஆதாயமும் இல்லை. ஊரெல்லாம் பி.டி. பருத்தி வந்தபின் மற்றப் புழுக்கள் மடிந்தன. இவை மட்டும் பிழைத்தன. இவை தமக்குள் கூடி ஈன்ற குஞ்சுகளும் சாகாதவையாயின. ஒரு பருவத்திலேயே பல தலைமுறைகள் காணும் பூச்சி அது. சில ஆண்டுகளில் காட்டில் இருந்தவை பெரும்பாலும் சாகாத புழுக்களே.

ஆகவே எந்தப் புழுவும் பழகவில்லை. தனிப் புழு மாறவே இல்லை, புழுக்கூட்டம்தான் மாறியது. பரிணாமம் நிகழ்வது தனி உயிரிலன்று, கூட்டத்தில். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

எங்கள் ஊருக்கு வருமுன்பே இது குஜராத்தில் நடந்துவிட்டது. ஒரு ஜீன் பருத்தியைத் தின்று பிழைத்த இளஞ்சிவப்புக் காய்ப்புழு அங்கே காணப்பட்டதென்று 2010இல் அறிவிக்கப்பட்டது. 2015 வாக்கில் இரண்டு ஜீன் பருத்தியையும் அது அங்கே அழிக்கத் தொடங்கியிருந்தது.

புழு புழுவாகத்தானே இருக்கிறது?

இதைக் கேட்ட என் தோழி ஒருத்தி, "எத்தனை மாறினாலும் புழு புழுவாகத்தானே இருக்கிறது? வேறொன்றாக ஆகவில்லையே?" என்றாள். நியாயமான கேள்வி. இருபது ஆண்டுகளில் இவ்வளவு மாற்றமென்றால், கோடிக்கணக்கான ஆண்டுகளில் எவ்வளவு நடந்திருக்கும் என்பதைச் சான்றுகளே சொல்ல வேண்டும்.

முதற் சான்று நம் காலடியிலேயே கிடக்கிறது. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளின் நிலவளத்தை பிளான்ஃபோர்டு என்னும் ஆங்கில நிலவியலார் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஆராய்ந்து, பாறைகளை அடுக்கு அடுக்காக வகைப்படுத்தினார். இப்பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் இன்றும் கடற்சிப்பிகள் கல்லாகக் கிடைக்கின்றன. சுருள் வடிவ ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும் உண்டு. கீழடுக்கில் காணப்படும் வகைகள் மேலடுக்கில் இல்லை. அங்கே வேறு வகைகள். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இனமே உலகிலிருந்து அற்றுப்போயிற்று. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனை உலகிற்கு அறிவித்தார். நான் சிறுவயதில் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டதோடு சரி. அது என்ன சொல்கிறதென்று அன்று தெரியாது.

மண்ணடுக்கில் எந்தக் காலத்தில் எந்த உயிர் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லவும் பரிணாமக் கொள்கை உதவுகிறது. மீனிலிருந்து நாற்கால் உயிர்கள் தோன்றிய இடைக்காலத்துப் பாறைகளைத் தேடிக் கனடாவின் வடகோடிக்குச் சென்ற ஆராய்ச்சியாளர்கள், 2004ஆம் ஆண்டில் டிக்டாலிக் என்னும் புதைபடிவத்தைக் கண்டெடுத்தனர். வயது ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகள். செதிலும் துடுப்பும் மீனுக்குரியவை. ஆனால் கழுத்து உண்டு, துடுப்பிற்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் உண்டு.

இரண்டாம் சான்று உடலமைப்பு. நம் கை, மாட்டின் முன்னங்கால், வௌவாலின் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு ஆகிய நான்கும் செய்யும் வேலைகள் வேறு வேறு. எலும்புகளின் அடிப்படை அமைப்போ ஒன்று: மேலே ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, பின் மணிக்கட்டுச் சிற்றெலும்புகள், விரல்கள். ஒரே மூதாதையிடமிருந்து வந்த சொத்தை ஒவ்வொன்றும் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டது போலிருக்கிறது. தாய் வயிற்றில் ஐந்தாம் வாரத்தில் மனிதக் கருவிற்கும் சிறு வால் உண்டு. பின்னர் அது மறைந்துவிடுகிறது.

மூன்றாம் சான்று டி.என்.ஏ. டார்வின் இதனை அறியமாட்டார். சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம்கள், நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போயிற்று? நம் இரண்டாவது குரோமோசோமைப் பார்த்தால், சிம்பன்சியின் இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்டது போன்ற அமைப்பு தெரிகிறது. நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டி.என்.ஏ. தொடர் அதன் நடுவில் இருக்கிறது. ஒட்டிய தழும்பு இன்னும் மறையவில்லை.

இனி அந்தக் குரங்குக் கேள்விக்கும் விடை சொல்லிவிடலாம். சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்லன்; பங்காளி. ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதையின் வழியில் இரு கிளைகள் பிரிந்தன. பெரியப்பா வீட்டுப் பிள்ளை ஏன் நானாக மாறவில்லை என்று யாரும் கேட்பதில்லையே!

சின்னப் பொட்டலம்

பி.டி. விதைப் பெட்டியில் 450 கிராம் விதையோடு 120 கிராம் எடையில் தனியாக ஒரு சிறு பொட்டலமும் அப்போது வைத்திருந்தார்கள். அது சாதாரணப் பருத்தி விதை. காட்டின் ஓரத்தைச் சுற்றி அதனையும் விதைக்க வேண்டும் என்பது அன்றைய விதி. எங்கள் வீட்டில் ஒருமுறையும் விதைத்ததில்லை. "புழு திங்கிற விதையை நானே போட்டு, நானே புழு வளர்க்கணுமா?" என்பார் அப்பா. பெட்டிக்குள் ஒரு தாளும் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல அன்று எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

அந்தப் பொட்டலத்தின் பொருள் இதுதான். சாதாரணச் செடியில் சாகும் இயல்புள்ள புழுக்களும் பிழைக்கும். அவை அந்துப்பூச்சிகளாகி, அருகில் பி.டி. செடியில் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு பூச்சிகளோடு கூடும். எதிர்ப்பு ஜீன் பெரும்பாலும் ஒடுங்கு ஜீனாகையால், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இரண்டாக வந்தால்தான் புழு பிழைக்கும். கலந்து பிறந்த குஞ்சுகளுக்கு ஒன்றுதான் கிடைக்கும், அவை பி.டி. செடியைத் தின்றால் மடியும். மெண்டலும் டார்வினும் சேர்ந்து கட்டிய வேலி அந்த 120 கிராம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே புழு, இதே பி.டி. பருத்தி. 1996 முதல் அங்கே சாதாரணப் பருத்தியையும் ஒழுங்காகச் சேர்த்து விதைத்தார்கள். புழுவின் எதிர்ப்பு பெருகவில்லை. பின்னர் மலட்டு அந்துப்பூச்சிகளையும் பெருமளவில் பறக்கவிட்டார்கள். 2018ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பருத்தி நிலங்களில் இப்புழு ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பரிணாமத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட இடத்தில் பருத்தி வென்றது; எடுத்துக்கொள்ளாத இடத்தில் புழு வென்றது.

சென்ற பொங்கல் விடுமுறையில் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். "அப்ப அந்தச் சின்னப் பொட்டலத்தைப் போட்டிருக்கணுமா?" என்றார்.

"நாம மட்டும் போட்டிருந்தாப் போதாதுப்பா. ஊரே போட்டிருக்கணும்" என்றேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "யாராச்சும் இப்படி விளங்கச் சொல்லியிருந்தா ஓரமா நாலு வரிசை போட்டிருப்பேனே" என்றார். மறுநாள் வழக்கமாக மாசி வரை விட்டுவைக்கும் பருத்தி மாரைப் பிடுங்க ஆள் சொல்லப் போனார். கடைசிக் காய்களில் தங்கும் புழுதான் அடுத்த பருவத்திற்கு விதை என்று நான் சொன்னது அவர் மனத்தில் தைத்திருக்கிறது.

நண்பர்களே, இக்கல்லூரியில் பயிலும் நம்மில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் வருகிறோம். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படிக்க அன்று நம் வீடுகளில் ஆள் இல்லை. இன்று நாம் இருக்கிறோம். பாடத்தைத் தேர்வுத் தாளில் எழுதுவதோடு நிறுத்திவிடாமல், வீட்டுத் திண்ணையிலும் ஒருமுறை சொல்லிப் பார்ப்போம்.