மங்கிய படத்தைத் தெளிவாக்கும் முறையும் வயல் நிலமும்

ஆகாயத்தினின்று எடுக்கப்படும் படங்கள் இக்காலத்தில் விவசாய விஷயங்களில் வெகுவாக உபயோகப்பட்டு வருகின்றன. சாகுபடிப் பரப்பு, பயிரின் பசுமை, வெள்ளத்தில் மூழ்கிய நிலம் முதலியவற்றை அவற்றைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் மங்கலானவை. அவற்றைக் கணிப்பொறியின் துணையால் தெளிவாக்கும் முறை ஒன்று பத்தாண்டுகளுக்கு மேலாகப் பரவி வருகிறது. அம்முறை எவ்வாறு வேலை செய்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை நிலச் சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

ஒரு கட்டத்தில் அடங்கும் நிலம்

படம் என்பது சிறு சதுரக் கட்டங்களின் தொகுதியே. ஒரு கட்டத்திற்கு ஒரே நிறந்தான் உண்டு. அமெரிக்க லாண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர் பக்கமுடையது. அதாவது ஏறக்குறைய 22 சென்ட் நிலம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் அது 10 மீட்டர்; ஏறக்குறைய 2½ சென்ட். ஆகவே ஓர் ஏக்கருக்கு முன்னதில் நாலரைக் கட்டங்களும், பின்னதில் 40 கட்டங்களும் கிடைக்கும். கட்டத்தைக் காட்டிலும் குறுகலான வரப்பும் வாய்க்காலும் பக்கத்து நிலத்தின் நிறத்தோடு கலந்து மறைந்துவிடும். சென்னை மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம் 30 மீட்டர் படத்திலும் புலப்படும். அதன் அருகிலுள்ள சந்துகள் புலப்படா.

யந்திரம் கற்கும் விதம்

இம்முறைக்குக் கன்வலூஷனல் நியூரல் நெட்வொர்க், அதாவது ஒருவகை நரம்பு வலைப்பின்னல், என்று பெயர். ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்சமும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. மூன்று வரிசை, மூன்று பத்தி கொண்ட சிறு எண் சட்டம் ஒன்றைப் படத்தின் மேல் கட்டம் கட்டமாக நகர்த்தி, நேர் நேரான எண்களைப் பெருக்கிக் கூட்டுவார்கள்.

சட்டத்தின் இடப் பத்தியில் –1, நடுவில் 0, வலப் பத்தியில் 1 இருப்பதாகக் கொள்வோம். ஒரே சீரான வயலின் மேல் அதை வைத்தால் கூட்டுத் தொகை 0. இடப்புறம் 40 என்ற இருளும், வலப்புறம் 200 என்ற வெளிச்சமும் உள்ள ஓரத்தில் வைத்தால் தொகை 480. இவ்வாறு ஓரம் எங்கே என்பது எண்ணாகவே வெளிப்படுகிறது. இத்தகைய சட்டங்கள் பலவற்றை அடுக்கடுக்காக வைத்ததே வலைப்பின்னல்.

சட்டத்தின் எண்களை மனிதர் எழுதி வைப்பதில்லை. தெளிந்த படத்தை வேண்டுமென்றே மங்கச் செய்து, அதை மீட்குமாறு யந்திரத்திற்குக் கொடுக்கிறார்கள். மீட்டதை மூலப் படத்தோடு ஒப்பிட்டு, பிழை குறையும்படி எண்களைத் திருத்துகிறார்கள். இது இலட்சக்கணக்கான தடவை நடைபெறும். 2014-ஆம் ஆண்டில் ஹாங்காங் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முதல் அமைப்பில் மூன்று அடுக்குகளும் 8,032 எண்களுமே இருந்தன. பின் வந்தவை மிகப் பெரியவை.

அடையாற்றில் நடைபெறும் ஆராய்ச்சி

சென்னை அடையாற்றை ஒட்டி 1959-இல் நிறுவப்பட்ட ஐ.ஐ.டி. மெட்ராஸில், மின் பொறியியல் துறைப் பேராசிரியர் ஏ. என். ராஜகோபாலனும் அவருடைய குழுவினரும் இத்துறையில் உழைத்து வருகின்றனர். புகைப்படங்களையும் சலனப் படங்களையும் கூர்மையாக்கும் வலைப்பின்னல் ஒன்றைப் பற்றி 2020-இல் அவர்கள் கட்டுரை வெளியிட்டனர். அசைவினால் கலங்கிய படங்களைத் தெளிவாக்குவதும் அவர்களது ஆராய்ச்சியில் அடங்கும்.

எச்சரிக்கை

யந்திரம் இழந்த விவரத்தைத் திரும்பப் பெறுவதில்லை. முன் கற்றவற்றைக் கொண்டு உத்தேசமாக நிரப்புகிறது. 2020-இல் அமெரிக்காவில் இத்தகைய வேறொரு யந்திரம், முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவின் மங்கிய படத்தை வெள்ளைக்காரர் ஒருவரின் முகமாக மாற்றிவிட்டது.

வயலிலும் இவ்வபாயம் உண்டு. தியாகராய நகர் 1920-களில் நீண்ட ஏரியின் நிலத்தில் எழுந்த ஊர். அதன் நேரான தெருக்களை மாத்திரம் கற்ற யந்திரம், டெல்டாவின் பாசன வாய்க்காலையும் தெருவாகத் தீட்டக்கூடும். ஓர் ஏக்கரில் 10 சென்ட் பயிர் அழுகினால், 10 மீட்டர் படத்தில் அது நான்கு கட்டம். 30 மீட்டர் படத்தில் அரைக் கட்டமும் இல்லை. செழித்த வயல்களையே கற்ற யந்திரம் அவ்விடத்தைப் பச்சையாக நிரப்பிவிட்டால், படம் அழகாயிருக்கும். குடியானவருக்கு நஷ்டஈடு கிட்டாமற் போகும்.

கவனிக்க வேண்டியவை

1. தெளிவாக்கிய படத்தைக் காட்டுவோரிடம் மூலப் படத்தையும், அதன் கட்ட அளவையும் கேட்க வேண்டும்.

2. நம் ஜில்லாவின் நன்செய், புன்செய்ப் படங்களால் யந்திரம் பயிற்றப்பட்டதா என விசாரிக்க வேண்டும்.

3. எல்லைத் தகராறுகளில் புலப்படமும் நேரடி அளவையுமே ஆதாரம், இப்படம் ஆதாரமாகாது.

4. பயிர்ச் சேதத்தில், எந்த வயலை முதலில் பார்வையிடுவது என்பதற்கு இப்படம் வழிகாட்டும். சேதம் எவ்வளவு என்பதை நேரில் சென்று பார்த்தும், பயிர் அறுவடைப் பரிசோதனை செய்துமே முடிவு செய்ய வேண்டும்.

5. சேதம் கண்டவுடன் குடியானவர் தேதியுடன் கூடிய புகைப்படம் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்தல் நலம்.