பழைய வண்டிக்குப் புது டயர்: விலை கேட்கும் முன் எழுத்தைப் படியுங்கள்

விடியற்காலையில் பால் சொசைட்டிக்குக் கேன், காலையில் சந்தைக்குக் காய்கறி மூட்டை, மதியம் வயலுக்கு உரமும் ஸ்பிரேயரும், மாலையில் பிள்ளைகளோடு டியூஷன். கிராமத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஒரு நாளில் பார்க்கும் வேலை இது. பெரும்பாலும் அது பத்து, பதினைந்து வருடத்து வண்டி. கடன் எப்போதோ தீர்ந்திருக்கும். எஞ்சினும் நன்றாகவே ஓடும். அதனால் வண்டியை மாற்ற மனம் வராது, மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் டயர் மாற்றும் நாள் வரும்போது பலரும் கடையில் கேட்பது ஒரே கேள்விதான்: "எது விலை கம்மி?"

விதை வாங்கும்போது யாரும் இப்படிக் கேட்டு நிறுத்திக்கொள்வதில்லை. பையைத் திருப்பிப் பார்த்து, ரகம், முளைப்புத்திறன், காலாவதித் தேதி எல்லாம் படித்த பிறகுதான் பணம் கொடுக்கிறோம். டயரின் பக்கவாட்டிலும் அதே மாதிரி எல்லா விவரமும் அச்சிட்டிருக்கிறது. அளவு, சுமை, தேதி என்ற மூன்றையும் படிக்கத் தெரிந்தால் போதும்.

எப்போது மாற்ற வேண்டும்?

டயரின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்தோ, சிறிய முக்கோணக் குறியோ இருக்கும். அதற்கு நேராக, பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் ஒரு சிறு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். அதற்கு மேல் ஓட்டினால், மழைத் தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் இல்லாமல் டயர் வழுக்கும்.

தேய்மானம் மட்டும் பார்த்தால் போதாது. பின் டயர்தான் சீக்கிரம் தேய்கிறது. எனவே அதை இரண்டு முறை மாற்றியிருப்பார்கள், முன் டயர் மட்டும் எட்டு, பத்து வருடமாக அப்படியே இருக்கும். பட்டன் நிறைய இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். வெயிலில் ரப்பர் இறுகிப்போனால் பட்டன் இருந்தும் பிடிமானம் இருக்காது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால்தான் சாய்கிறது. பின் சக்கரம் சறுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் சறுக்கினால் ஆள் கீழேதான். டயரின் பக்கவாட்டிலும் பட்டன் இடுக்கிலும் வெடித்த வயல் மாதிரி மெல்லிய கீறல்கள் தெரிந்தால், தேயாத டயராக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் நைலான் நூல் தெரிந்தாலோ, எங்காவது புடைத்திருந்தாலோ அன்றைக்கே மாற்ற வேண்டும்.

அளவு: வண்டிக்கு உள்ளதுதான் சரி

2.75-18 என்று இருந்தால், டயரின் அகலம் 2.75 அங்குலம், ரிம்மின் விட்டம் 18 அங்குலம். பழைய ஸ்பிளெண்டரின் அளவு இது. டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிக்கு 2.50-16, பழைய புல்லட்டுக்கு 3.25-19. புதிய முறையில் 80/100-18 என்று எழுதியிருப்பார்கள். இதில் 80 என்பது மில்லிமீட்டரில் அகலம். 100 என்றால் டயரின் உயரமும் அதே அளவு, அதாவது அகலத்தில் 100 சதவீதம். 18 என்பது ரிம்.

வண்டியோடு வந்த கையேட்டிலோ, செயின் கவரிலோ, சில வண்டிகளில் ஸ்விங் ஆர்மிலோ சரியான அளவு இருக்கும். பழைய டயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. முன்பு வண்டி வைத்திருந்தவர் வேறு அளவு மாட்டியிருக்கலாம்.

"தடிமனான டயர் போட்டால் பாரம் தாங்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். குறுகிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால், அது இரண்டு பக்கமும் அமுங்கி நடுவில் உருண்டு நிற்கும். ரோட்டில் படும் இடம் எதிர்பார்த்த அளவு கூடாது. செயின் கவரிலும் மட்கார்டிலும் உரசலாம். எடை கூடுவதால் மைலேஜும் குறையும். டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அகலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத் தனி எண் இருக்கிறது.

சுமை எண்: கடையில் நழுவிப்போகும் விவரம்

அளவுக்குப் பக்கத்தில் 42 பி, 48 பி என்று ஓர் எண்ணும் ஆங்கில எழுத்தும் இருக்கும். எழுத்து வேகத்தைக் குறிக்கும். எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், பி என்றால் 150. நம் வண்டிகளுக்கு இது போதும். விவசாயி பார்க்க வேண்டியது எண்ணைத்தான். அதற்குரிய எடை இப்படி:

41 – 145 கிலோ
42 – 150 கிலோ
45 – 165 கிலோ
48 – 180 கிலோ
50 – 190 கிலோ

முழுக் காற்று இருக்கும்போது ஒரு டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச எடை இது. கூடவே '4 பிஆர்', '6 பிஆர்' என்றும் அச்சிட்டிருப்பார்கள். அது டயரின் உள்கட்டு எவ்வளவு வலுவானது என்பதைக் காட்டும். ஆறு என்பது நாலைவிட வலுவானது.

பழைய ஸ்பிளெண்டரில் முன்னும் பின்னும் ஒரே அளவு, 2.75-18. ஆனால் முன்னால் 42, 4 பிஆர். பின்னால் 48, 6 பிஆர். கடையில் போய் "ஸ்பிளெண்டருக்கு டயர் கொடுங்க" என்று மட்டும் கேட்டால், முன் டயருக்கு உரியதைப் பின்னால் மாட்டிவிட வாய்ப்பு உண்டு. அளவு சரியாக இருப்பதால் அழகாகப் பொருந்தும். தவறு நடந்தது யாருக்கும் தெரியாது.

இதில் என்ன நஷ்டம் என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி 110 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ. பின்னால் இரண்டு கேனில் 40 லிட்டர் பால். அது 41 கிலோ, கேனோடு சேர்த்து 50 கிலோ என்று வைக்கலாம். மொத்தம் 225 கிலோ. கேன் பின்னால் தொங்குவதால் இதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 150 கிலோ, பின் டயரில் இறங்கும். 42 எண் டயருக்கு அதுவே உச்சவரம்பு. 48 எண் டயரில் இன்னும் 30 கிலோ கையிருப்பு இருக்கிறது.

அதே வண்டியில் 55 கிலோ எடையுள்ள மனைவியும் ஏறினால் மொத்தம் 280 கிலோ. பின் டயரில் 185 கிலோவுக்கு மேல் இறங்கும். 48 எண்ணுக்கே இது அதிகம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது விழும் அடி இந்தக் கணக்கில் சேரவில்லை. எனவே எவ்வளவு நல்ல டயர் போட்டாலும், பால் கேனும் பின்னால் ஆளும் ஒன்றாகப் போவதைத் தவிர்க்க வேண்டும்.

டயருக்கும் பிறந்த தேதி உண்டு

பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-வது வாரத்தில், அதாவது ஆகஸ்டில் தயாரானது. மூன்று எண் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், தொடவே வேண்டாம்.

அதிகம் விற்காத அளவுகள் சிறிய ஊர்க் கடைகளில் வருடக்கணக்கில் கிடக்கும். பழைய வண்டிக்காரர்களுக்கு இதில்தான் ஆபத்து. ஒரு வருடத்துக்குள் தயாரானதைக் கேட்டு வாங்குவது நல்லது. இரண்டு வருடம் தாண்டியதை "தள்ளுபடி" என்று கொடுத்தாலும் வேண்டாம். மாட்டி ஐந்து வருடம் ஆன டயரை வருடம் ஒரு முறை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பத்து வருடம் ஆனால் கழற்றிவிட வேண்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். இருசக்கர வண்டி டயருக்கான தர எண் ஐ.எஸ். 15627. பில் கேட்டு வாங்குவதும் முக்கியம். டயரில் உற்பத்திக் குறை இருந்தால் மாற்றித்தரக் கேட்க அதுதான் ஆதாரம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த டயர்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதையும் சரிபார்க்கலாம்.

எந்த ரோட்டுக்கு எந்தப் பட்டன்?

தார் ரோட்டில் அதிகம் ஓடும் வண்டிக்கு முன்னால் நீளவாக்கில் கோடு போட்ட டயர், பின்னால் நெருக்கமான பட்டன் டயர் என்ற பழைய ஏற்பாடே நன்றாக வேலை செய்கிறது. வரப்பு ஓரம், வண்டிப்பாதை, களிமண் என்று பாதி தூரம் ஓடுபவர்கள் முன்னாலும் பட்டன் டயர் போடலாம். கோட்டு டயரில் சேறு அப்பிக்கொண்டால் ஹேண்டில் பார் சொன்னபடி கேட்காது. ஆனால் இடைவெளி விட்டுப் பெரிய பட்டன் வைத்த டயர்கள் தார் ரோட்டில் சீக்கிரம் தேயும். ஈரமான தார் ரோட்டில் பிடிமானமும் குறைவு.

டியூப்பா, டியூப்லெஸ்ஸா?

ஸ்போக்ஸ் வைத்த சாதாரண ரிம்மில் ஒவ்வொரு கம்பிக்கும் ஓட்டை இருக்கிறது. காற்று நிற்காது. எனவே அதில் டியூப் இல்லாமல் ஓட்ட முடியாது. டியூப்லெஸ் டயர்தான் கிடைத்தது என்றால், அளவும் சுமை எண்ணும் சரியாக இருந்தால் உள்ளே டியூப் வைத்து மாட்டலாம். அலாய் வீல் என்றாலும் அது டியூப்லெஸ்ஸுக்காகச் செய்ததா என்று பார்த்த பிறகே டியூப்பை நீக்க வேண்டும்.

புது டயருக்குள் பழைய டியூப் வைக்கக் கூடாது. பழைய டியூப் ஏற்கெனவே இழுபட்டு நீண்டிருக்கும். புது டயருக்குள் மடிந்து, மடிப்பிலேயே கிழியும். ரிம்மில் கம்பி முனைகளை மூடும் ரப்பர் பட்டையையும் அதோடு மாற்ற வேண்டும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

* ரிம்மில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கம்பிகளை இறுக்கச் சொல்ல வேண்டும். யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றும் வண்டிகளில் ரிம் சீக்கிரம் துருப்பிடிக்கும்.
* டயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் பக்கம் இருக்க வேண்டும்.
* மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும். அது டயரின் எடை குறைந்த இடம்.
* சோப்புத் தண்ணீர் தடவித்தான் மாட்ட வேண்டும். கிரீஸும் ஆயிலும் ரப்பரைக் கெடுக்கும்.
* மாட்டிய பிறகு, ரிம் ஓரமாக டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும்.

புது டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை வேகமாகத் திருப்புவதையும் திடீர் பிரேக்கையும் தவிர்க்க வேண்டும்.

காற்றும் சுமையோடு மாறும்

ஸ்பிளெண்டருக்கு முன்னால் 25 பிஎஸ்ஐ. பின்னால் ஒருவர் மட்டும் என்றால் 28, பின்னால் ஆளும் இருந்தால் 40. மற்ற வண்டிகளுக்கு அதனதன் கையேட்டில் உள்ள அளவு. பாரம் ஏற்றும் நாளில் 28 பிஎஸ்ஐயோடு போனால் டயரின் பக்கவாடு மடிந்து மடிந்து சூடாகும், சீக்கிரமே வெடிப்பு விடும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும். வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், காற்றுக் குறைவால் டயர் ரிம்மில் நகர்ந்திருக்கிறது என்று அறியலாம்.

கேள்வியும் பதிலும்

*கழற்றிய பின் டயரை முன்னால் மாட்டலாமா?*
வேண்டாம். பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். வளைவில் வண்டி இழுக்கும்.

*மொட்டை டயரில் கோடு வெட்டித் தருகிறார்களே?*
நூலுக்கு மேல் மிச்சமிருக்கும் கொஞ்ச ரப்பரையும் வெட்டி எடுப்பதுதான் அது. பார்க்கப் புதுசு, பாரம் ஏற்றினால் வெடிக்கும்.

*பஞ்சர் ஒட்டியும் அதே இடத்தில் மறுபடி போகிறதே?*
சீமைக் கருவேல முள்ளின் முனை டயருக்குள் ஒடிந்து நிற்கும். டியூப்பை வைக்கும் முன் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தால் துணி அங்கே மாட்டும்.

*பழைய டயரை என்ன செய்வது?*
கடையிலேயே கொடுத்துவிடலாம். எரித்தால் நச்சுப்புகை. தோட்டத்தில் போட்டால் மழைநீர் தேங்கி டெங்கு கொசு பெருகும். வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான்கைந்து இடத்தில் ஓட்டை போட்டு வைக்க வேண்டும்.