களப்பதிவுக்கு ரெக்கார்டர்: வாங்கும்போது பார்க்க வேண்டியவை, ஏமாந்தால் செய்ய வேண்டியவை

கள ஒலிப்பதிவுக்கான கையடக்க ரெக்கார்டரும், கூட்டத்தில் பேசுவதைக் குறித்துக்கொள்ளப் பயன்படும் வாய்ஸ் ரெக்கார்டரும் கடையில் ஒரே கண்ணாடி அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. வாய்ஸ் ரெக்கார்டர், பேசியது புரிந்தால் போதும் என்ற அளவுக்குச் செய்யப்பட்டது. ஒப்பாரியின் இழுவையையும், விடியவிடிய நடக்கும் தெருக்கூத்தில் முகவீணை எழுப்பும் உச்சத்தையும் அதில் உருப்படியாகப் பதிய முடியாது. ஆனாலும் நாட்டாரியல் மாணவர்களும் ஊர் வரலாறு தொகுப்பவர்களும் விலையை மட்டும் பார்த்து அதைத்தான் வாங்குகிறார்கள். கல்வி நிறுவனங்களின் கொள்முதல் பிரிவுகள் செய்வது இதைவிட மோசம். ‘ஆடியோ ரெக்கார்டர் – 1’ என்று ஒற்றை வரியில் விலைப்புள்ளி கேட்டு, குறைந்த விலை சொன்னவரிடம் வாங்கிக் கோப்பை மூடிவிடுகின்றன. எண்பது வயதுப் பாட்டி பாடியது கெட்டுப்போனால், மறுமுறை போகும்போது அவரால் பாட முடியுமா என்பதைக் கொள்முதல் விதி எதுவும் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது கோப்பு வகை. சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பதியும் கருவியாக இருக்க வேண்டும். ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் காப்பக வேலைக்குக் குறைந்தபட்சமாகச் சொல்லும் அளவும் இதுவே. எம்பி3 மட்டும் பதியும் கருவி வேண்டாம். காது கவனிக்காது என்று கணக்கிட்ட பகுதிகளை எம்பி3 பதியும்போதே நீக்கிவிடும். நீக்கியதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இடம் போதாது என்ற சாக்கும் செல்லாது. இந்தத் தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு ஏறத்தாழ 1 ஜிபி. எட்டு மணி நேரக் கூத்து முழுவதும் 9 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது ஒலியளவைக் கையால் வைக்கும் வசதி. தானியங்கி லெவலில் விட்டால், பாடுபவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடங்களில் மின்விசிறியின் இரைச்சல் மேலெழும். அவர் குரலெடுத்ததும் அது அமுங்கும். தானியங்கி லெவலை அணைக்க முடியாத கருவி களப்பதிவுக்கு உதவாது. அணைத்துவிட்டு, உச்ச ஒலி −12 டெசிபல் அளவில் நிற்கும்படி வைப்பது பாதுகாப்பு. ஜூம் ஹெச்1 எசென்ஷியல், டாஸ்காம் போர்ட்டாகேப்சர் எக்ஸ்8 போன்ற அண்மைக் கருவிகளில் 32 பிட் ஃப்ளோட் என்ற முறை இருக்கிறது. அதில் லெவலைத் தவறாக வைத்திருந்தாலும் பின்னால் சரிசெய்யலாம். ஆனால் மைக்கே தாங்காத ஒலியையும், மைக்கில் மோதும் காற்றையும் இந்த முறை காப்பாற்றாது. எதற்கும் இனிக் கவலையில்லை என்று விற்பனையாளர் சொல்வதை நம்ப வேண்டாம்.

கருவியின் சொந்த இரைச்சலும் முக்கியம். வெளி மைக் வைத்துப் பதிய நினைப்பவர் எக்ஸ்எல்ஆர் துளையும் 48 வோல்ட் பேன்டம் பவரும் உள்ளதையே வாங்க வேண்டும். 3.5 மில்லிமீட்டர் துளை மட்டும் உள்ள சிறு கருவிகளில் தொழில்முறை கண்டென்சர் மைக்குகளை நேரடியாக மாட்ட முடியாது. கடையில் ஹெட்போன் மாட்டி, ஆள் பேசாத நேரத்தில் ஒரு நிமிடம் பதிந்து கேட்டால் கருவியின் ‘உஸ்’ சத்தம் தெரிந்துவிடும். கேட்க விடாத கடையில் வாங்க வேண்டாம். காற்றுக்கு, கருவியோடு வரும் ஸ்பாஞ்ச் உறை வெட்டவெளியில் போதாது. முடி அடர்ந்த உறையைத் தனியாக வாங்க வேண்டும். பேட்டரி, எங்கும் கிடைக்கும் ஏஏ வகையாக இருப்பது நல்லது.

மெமரி கார்டில் ஏமாறுபவர்கள் ஏராளம். 128 ஜிபி என்று அச்சிட்ட போலிக் கார்டில் உண்மையில் 8 ஜிபிதான் இருக்கக்கூடும். அது நிரம்பிய பிறகும் கருவி பதிவதாகவே காட்டும். வீட்டில் வந்து திறந்தால் கோப்பு திறக்காது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவச மென்பொருள்களில் ஒன்றால் கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதித்த பிறகே களத்துக்குக் கொண்டுபோக வேண்டும். புதுக் கார்டாக இருந்தாலும் சோதிக்க வேண்டும். பெயர்பெற்ற கம்பெனியின் அட்டையில் வந்திருந்தாலும் சோதிக்க வேண்டும்.

இனி விற்பனையின் காகிதம். களப்பதிவுக் கருவிகள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தயாரிப்புகள். முறையாக இறக்குமதியானவற்றோடு, யாரோ பையில் கொண்டுவந்தவையும் சில ஆயிரம் குறைவாக விற்பனைக்கு வருகின்றன. அவற்றுக்கு இந்தியாவில் கம்பெனி வாரன்ட்டி பெரும்பாலும் கிடைக்காது. ‘கடை வாரன்ட்டி’ என்று வாயால் சொல்வார்கள். அடையாளம் காண்பது எளிது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை இருக்க வேண்டும். இந்த ஒட்டு இல்லாத பெட்டியைத் தொடவே கூடாது. இப்படி விற்கும் கடை மீது தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்தில், தொழிலாளர் உதவி ஆணையரிடம் (அமலாக்கம்) புகார் தரலாம். எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அந்த அலுவலகம்தான். எங்கள் வேலை இல்லை என்று அங்கே திருப்பி அனுப்பப் பார்த்தால், மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பக் கூடாது.

பில்லில் வாங்குபவரின் பெயர், மாடல், கருவியின் வரிசை எண், கடையின் ஜிஎஸ்டி எண் நான்கும் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி இல்லாமல் குறைத்துத் தருகிறோம் என்ற பேச்சுக்கு மயங்குபவர், பழுது வந்த நாளில் கையில் எதுவும் இல்லாமல் நிற்கிறார். பில்லில்லாமல் வாங்க வேண்டாம். வரிசை எண் இல்லாத பில்லையும் ஏற்க வேண்டாம். வெப்ப அச்சுப் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால் அன்றைக்கே நகலெடுத்துவிட வேண்டும்.

கருவி பழுதானால் முதலில் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கொடுத்து, குறை என்ன என்று எழுதிய ஜாப் ஷீட் வாங்க வேண்டும். ‘பார்த்துவிட்டுப் போன் செய்கிறோம்’ என்ற பதிலோடு கருவியை விட்டுவிட்டு வருவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இணையத்தில் வாங்கியிருந்தால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அது சமரசத்துக்கான வழி மட்டுமே. அங்கே பதிந்துவிட்டு வழக்குப் போட்டதாக நினைத்துப் பலர் காத்திருக்கிறார்கள்.

வழக்குக்கான இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். கடை வேறு மாநிலத்தில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கடைக்காரர், இறக்குமதியாளர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டித் தப்பிப்பார். அறிவிப்புக் கடிதம் அனுப்புவதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை என்றாலும், விரைவுத் தபாலில் ஒன்று அனுப்பி, ரசீதையும் பட்டுவாடா ஆனதற்கான சான்றையும் வைத்துக்கொண்டால் வழக்கு பலப்படும். பில், பெட்டி ஒட்டின் புகைப்படம், வாரன்ட்டி அட்டை, ஜாப் ஷீட், கடிதப் போக்குவரத்து, பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை மனுவோடு இணைக்க வேண்டும். காலவரம்பு, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். சர்வீஸ் சென்டர் ‘அடுத்த வாரம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது இந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அதே பில்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பதிவு ஒருநாள் வழக்கில் சான்றாகத் தேவைப்படலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் கேட்கிறது. அதன் ‘அ’ பகுதியைத் தாக்கல் செய்பவரும், ‘ஆ’ பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கருவியின் தயாரிப்பு, மாடல், வரிசை எண், கோப்பின் ஹேஷ் மதிப்பு ஆகியவை அதில் இடம்பெறும். ஆகவே பதிந்த அன்றே மூலக்கோப்பைத் திருத்தாமல் நகலெடுத்து, அதன் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் மதிப்பைக் குறித்து வைப்பது நல்லது. வெட்டி ஒட்டிய பிறகு எடுத்த மதிப்பு மூலக்கோப்புக்குப் பொருந்தாது. பேட்டரி முற்றிலும் தீர்ந்தால் பல கருவிகளின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் தேதியைச் சரிபார்த்து, பதிவின் தொடக்கத்தில் நாள், ஊர், பாடுபவர் பெயர் மூன்றையும் வாயால் சொல்ல வேண்டும்.

கடைசியாக, பாடுபவரின் உரிமை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநருக்கு 50 ஆண்டுகள் உரிமை தருகிறது. பாடகர், ஆடுபவர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் வரை அதில் அடங்குவர். சொந்தப் பயனுக்கும், உண்மையான கற்பித்தல், ஆய்வுக்கும் பதிவதை 39-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதே பதிவை யூடியூபில் ஏற்றிப் பணம் பார்ப்பது ஆய்வாகாது; அதற்கு இசைவு வேண்டும், அவர் பெயரும் வேண்டும். உரிமையை எழுதி வாங்குவதாக இருந்தால் காலமும் எல்லையும் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளுக்கும் இந்தியாவுக்கும் மட்டுமே செல்லும். இசைவுப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஆய்வுக்கு மட்டுமா, இணையத்துக்கும் உண்டா, விற்பனைக்கும் உண்டா என்று தனித்தனிக் கட்டங்களாக அது பிரிந்திருக்க வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சம்மதம் சொல்வதையும் அதே ரெக்கார்டரில் பதிந்து, கைநாட்டு வாங்கி, ஒரு படியை அவரிடமே கொடுக்க வேண்டும்.